‘மிஸ் ஜேன் பிட்மன்’ நாவலை வகுப்பில் எப்படி நடத்துவது?

கலைக் கல்லூரி ஒன்றில் புதிதாகப் பணியில் சேர்ந்திருக்கும் நீங்கள், இளங்கலை ஆங்கில இலக்கியம் இரண்டாம் ஆண்டு மாணவர்களுக்கு, எர்னஸ்ட் ஜே. கெயின்ஸ் எழுதி 1971இல் வெளிவந்த ‘மிஸ் ஜேன் பிட்மனின் தன்வரலாறு’ நாவலை நடத்த வேண்டியிருப்பதாகவும், மாணவர்களில் பாதிப்பேர் தமிழ்வழியில் படித்து வந்தவர்கள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். அமெரிக்க வரலாற்றை எவ்வளவு சொல்ல வேண்டும், நாவலில் அடிக்கடி வரும் இனவசையை வகுப்பில் உரக்க வாசிக்கலாமா, சாதியோடு ஒப்பிடுவது சரியா, தொலைக்காட்சிப் படத்தைக் காட்டலாமா என்று நான்கு கேள்விகளைக் கேட்டிருக்கிறீர்கள். இந்த நான்குக்கும் அடியில் இருப்பது ஒரே கேள்விதான் என்று எனக்குப் படுகிறது: அடிமை முறையில் தொடங்கிச் சிவில் உரிமைப் போராட்டம் வரை வரும் ஒரு நாவலை வரலாறாக நடத்துவதா, கதையாக நடத்துவதா? ஆப்பிரிக்க அமெரிக்கப் புனைகதையில் ஆய்வு செய்து, இந்த நாவலை இளங்கலையிலும் முதுகலையிலும் பல ஆண்டுகளாக நடத்தி வருபவன் என்ற முறையில் பதில் எழுதுகிறேன். பள்ளி மாணவர்களுக்கு நான் பாடம் எடுத்ததில்லை; எனவே இங்கே சொல்வதெல்லாம் கல்லூரி வகுப்பைப் பற்றியது மட்டுமே.

முதல் வகுப்பில் லிங்கனையும் உள்நாட்டுப் போரையும் விட்டுவிட்டு, நாவலின் தொடக்கத்தில் வரும் பதிப்பாசிரியர் முன்னுரையை எடுத்துக்கொள்ளுங்கள். சில பக்கங்கள்தான், பரீட்சைக்கு வராது என்று பெரும்பாலான ஆசிரியர்கள் தாண்டிப் போய்விடுகிறார்கள். பதிப்பாசிரியராக வரும் வரலாற்று ஆசிரியர் ஒருவர் 1962ஆம் ஆண்டு கோடையில், அடிமையாகப் பிறந்து நூறு வயதைக் கடந்துவிட்ட ஜேனிடம் ஒலிப்பதிவுக் கருவியோடு போகிறார். ஜேனைக் கவனித்துக்கொள்ளும் மேரி ஹாட்ஜஸ், ஏற்கெனவே இருக்கும் புத்தகங்களுக்கு என்ன குறை என்று அவரை மடக்குகிறார். அந்தப் புத்தகங்களில் மிஸ் ஜேன் இல்லையே என்கிறார் ஆசிரியர். பிறகு அவரே ஒப்புக்கொள்ளும் செய்திகள் முக்கியமானவை: ஜேனுக்கு மறந்துபோன இடங்களில் சுற்றியிருந்தவர்கள் எடுத்துக்கொடுத்தார்கள்; அவர் தாவித் தாவித்தான் பேசினார்; பதிப்பாசிரியர் இடையில் புகுந்து ஒழுங்குபடுத்தியிருக்கிறார்; பதிவு முடிந்து சில மாதங்களில் ஜேன் இறந்துவிட்டார். அதாவது, இந்தக் குரல் யாருடையது, யார் திருத்தியது, எவ்வளவு நம்பலாம் என்ற கேள்விகளை நாவலே நம் கையில் கொடுத்துவிடுகிறது. இந்தக் கேள்விகளோடு உள்ளே போகும் மாணவருக்கு மீதிப் பாடம் தானாகவே பிடிபடும்.

இதைச் செய்யாமல் விட்டால் என்ன நடக்கும் என்பதை நீங்களே பார்ப்பீர்கள். ஜேன் பிட்மன் பிறந்த ஆண்டைத் தேடி மாணவர்கள் கைப்பேசியைத் துழாவுவார்கள். ‘விக்கிப்பீடியாவில் அவங்க போட்டோவே இல்லையே சார்’ என்று என் வகுப்பில் ஒரு மாணவி கேட்டிருக்கிறார். அவரைப் பார்த்துச் சிரிக்க ஒன்றுமில்லை. நாவல் வெளிவந்த காலத்தில் அமெரிக்க வாசகர்களிலேயே பலர் இது உண்மையான தன்வரலாறு என்று நம்பினார்கள். தலைப்பும் முன்னுரையும் அப்படி நம்பவைக்கும்படிதான் அமைந்திருக்கின்றன. ஜேன் என்றொரு பெண் வாழ்ந்ததில்லை என்று சொன்னதும் வகுப்பில் ஒரு ஏமாற்றம் பரவும். ‘அப்போ இதெல்லாம் பொய்யா?’ என்று யாராவது கேட்பார்கள். அந்தக் கேள்வி எழுந்த இடத்திலிருந்துதான் பாடம் உண்மையாகத் தொடங்குகிறது.

அடுத்த வகுப்புக்கு உண்மையான வாக்குமூலம் ஒன்றைக் கொண்டு போங்கள். 1936க்கும் 1938க்கும் இடையில், பொருளாதார மந்த காலத்தில், அமெரிக்க அரசின் எழுத்தாளர் திட்டம், அடிமைகளாக இருந்து விடுதலை பெற்று உயிரோடிருந்த முதியவர்களைத் தேடிப்போய் 2,300க்கும் மேற்பட்ட வாக்குமூலங்களைப் பதிவுசெய்தது. அவை அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. கெயின்ஸ் தம் நாவலுக்கு இவற்றைப் படித்துப் பயன்படுத்திக்கொண்டவர். இரண்டு பக்க அளவுள்ள ஒரு நேர்காணலை நகலெடுத்து வகுப்பில் கொடுத்தால், உண்மையான ஆவணமும் நேராகப் பேசுவதில்லை என்பது மாணவர்களுக்கே தெரிந்துவிடும். கேள்வி கேட்டவர்களில் பெரும்பாலோர் வெள்ளையர்கள். பதில் சொன்னவர்கள் விடுதலையின்போது சிறுவர் சிறுமியராக இருந்தவர்கள். பேட்டியின்போதோ வறுமையில் வாடிய முதியவர்கள். பழைய எஜமானரின் பேரப்பிள்ளைகள் அதே ஊரில் செல்வாக்கோடு இருக்கும்போது, ஒரு கறுப்பின மூதாட்டி வெள்ளைக்காரர் முன் எவ்வளவு மனம்திறந்து பேசியிருப்பார்? அவர்களுடைய பேச்சை எழுத்தர்கள் தம் விருப்பப்படி கொச்சையாக்கி எழுதிய இடங்களும் உண்டு. உண்மை ஆவணம் மௌனம் காக்கும் இடத்தில் கற்பனைப் பாத்திரமான ஜேன் வாய்திறந்து பேசுகிறார். அதற்காக நாவலைச் சான்றாக எடுத்து வைக்க முடியாது. ஆவணத்தை மட்டும் வைத்துக்கொண்டு அந்த வாழ்க்கையை முழுதாக அறிந்துவிடவும் முடியாது. இந்த இரண்டையும் மாணவர் ஒருசேர மனத்தில் வைத்திருக்கப் பழகிவிட்டால், நீங்கள் நினைத்ததில் பாதி நிறைவேறிவிட்டது.

கெயின்ஸின் வாழ்க்கையைச் சொல்லலாம், சுருக்கமாக. 1933இல் லூசியானாவின் பாயிண்ட் கூப்பி பகுதியில் ஒரு பண்ணையின் வேலையாட்கள் குடியிருப்பில் பிறந்தவர். நடக்க முடியாமல் தரையில் தவழ்ந்தே வீட்டு வேலைகளையெல்லாம் செய்து தம்மை வளர்த்த பெரிய அத்தை அகஸ்டீன் ஜெபர்சனைத் தம் எழுத்தின் ஊற்றாகப் பல இடங்களில் குறிப்பிட்டிருக்கிறார். கறுப்பின மாணவர்கள் மேலே படிக்க அங்கே உயர்நிலைப் பள்ளி இல்லாததால் 15 வயதில் கலிபோர்னியாவுக்குப் போனவர். அத்தையைப் பார்க்க வரும் முதியவர்களின் பேச்சைக் கேட்டு வளர்ந்த பிள்ளை என்பது போதும். ஜேனின் குரல் எங்கிருந்து வந்தது என்பது விளங்கிவிடும்.

இனி வரலாறு. ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் தனியாக எடுக்க வேண்டாம் என்பது என் கருத்து. ஆனால் அந்த ஒன்றரை மணி நேரத்தில் சொல்ல வேண்டியதைத் தவறாமல் சொல்லிவிட வேண்டும். நம் மாணவர்கள் மனத்தில் இருப்பது ஒரு நேர்கோடு: லிங்கன் கையெழுத்திட்டார், அடிமைகள் விடுதலையானார்கள், நூறு ஆண்டு கழித்து மார்ட்டின் லூதர் கிங் வந்தார். நாவல் நடக்கும் லூசியானாவே இந்தக் கோட்டை உடைத்துக் காட்டுகிறது. 1863 ஜனவரி 1ஆம் நாள் விடுதலைப் பிரகடனத்தில், வடக்குப் படையின் பிடியில் ஏற்கெனவே இருந்த லூசியானாவின் 13 பகுதிகளுக்கு விலக்கு அளிக்கப்பட்டிருந்தது. 1865இல் 13ஆவது சட்டத்திருத்தம் அடிமை முறையை ஒழித்தது. குற்றத்துக்கான தண்டனையாக விதிக்கப்படும் கட்டாய உழைப்புக்கு மட்டும் அதிலேயே இடம் விட்டுவைத்தது. 1873இல் அதே மாநிலத்தின் கோல்ஃபாக்ஸில் கறுப்பின மக்கள் கூட்டமாகக் கொல்லப்பட்டனர். 1877இல், உள்நாட்டுப் போருக்குப் பிந்தைய மறுசீரமைப்புக் காலம் முடிந்து கூட்டாட்சிப் படைகள் தெற்கிலிருந்து விலக்கிக்கொள்ளப்பட்டன. வெள்ளையரையும் கறுப்பினத்தவரையும் பிரித்துவைத்த ‘தனித்தனி, ஆனால் சமம்’ என்ற ஏற்பாட்டுக்கு உச்ச நீதிமன்றம் 1896இல் முத்திரை குத்திய பிளெஸ்ஸி வழக்கும் லூசியானாவின் ரயில் பெட்டி ஒன்றில்தான் தொடங்கியது. 1898இல் அந்த மாநிலம் புதிய அரசமைப்பை இயற்றியது. பாட்டனுக்கு வாக்குரிமை இருந்திருந்தால் பேரனுக்கும் உண்டு என்பது போன்ற விதிகளின் விளைவாக, 1896இல் சுமார் 1,30,000 பேராக இருந்த கறுப்பின வாக்காளர்கள் 1900இல் சுமார் 5,300 பேராகச் சுருங்கினார்கள். இந்த இரண்டு எண்களையும் கரும்பலகையில் அருகருகே எழுதிவிட்டுச் சிறிது நேரம் பேசாமல் இருங்கள். அதற்குமேல் விளக்கம் தேவைப்படாது.

மற்ற ஆண்டுகளையெல்லாம் நாவலின் காட்சிகள் வந்தபிறகு அவற்றின் பக்கத்தில் வைத்தால் போதும். விடுதலை அறிவிக்கப்பட்டதும் ஜேனும், கொல்லப்பட்ட பிக் லாராவின் மகன் நெட்டும் ஓஹையோவுக்கு நடக்கத் தொடங்குகிறார்கள். நெட்டின் கையில் தாய் நெருப்புமூட்ட வைத்திருந்த இரண்டு கற்கள். வழியில் ஒரு முதியவர் வரைபடத்தை விரித்து, நீ போகும் வேகத்தில் ஓஹையோ போய்ச் சேர ஏறத்தாழ 30 ஆண்டு ஆகும் என்று கணக்குப் போட்டுச் சொல்கிறார். வகுப்பில் சிரிப்பு எழும்; எழட்டும். அதன்பின், ஜேன் தம் நீண்ட ஆயுளில் லூசியானாவை விட்டு வெளியேறவே இல்லை என்பதை நினைவூட்டி, அவரைத் தடுத்தது எது என்று பட்டியலிடச் சொல்லுங்கள். தூரம், பசி, ஆயுதம் ஏந்திய காவல் கும்பல், நிலமின்மை என்று ஒவ்வொன்றாக வரும். பிறகு, பழைய உடைமையாளரான கர்னல் டை தோட்டத்துக்குத் திரும்பிவந்து, பள்ளிக்கூடம் மூடப்பட்டு, எல்லாம் முன்பு இருந்த நிலைக்கே போகும் அத்தியாயத்தைப் படித்தால், 1877 என்ற ஆண்டை மனப்பாடம் செய்ய வேண்டிய அவசியமே இருக்காது.

நெருங்கி வாசிக்க ஒரே ஓர் இடத்தைத்தான் எடுக்க முடியும் என்றால், நான் ஆல்பர்ட் க்ளூவோவை எடுப்பேன். 1898 ஸ்பானிய-அமெரிக்கப் போரில் கியூபா வரை போய்த் திரும்பிய நெட், பள்ளிக்கூடம் கட்டுகிறார், ஆற்றங்கரையில் மக்களிடம் பேசுகிறார், கடைசியில் கொல்லப்படுகிறார். கொன்ற க்ளூவோ ஜேனோடு பக்கத்தில் உட்கார்ந்து மீன் பிடிப்பவர், அவர் வீட்டுத் திண்ணையில் காபி குடிப்பவர். தாம் செய்த கொலைகளைப் பற்றி வானிலையைப் பேசுவதுபோலப் பேசுபவர். நெட்டைக் கொல்லச் சொல்லியிருக்கிறார்கள் என்பதையும் ஜேனிடம் அவரே முன்கூட்டிச் சொல்கிறார். நம் மாணவர்கள் திரைப்பட வில்லன்களைப் பார்த்துப் பழகியவர்கள். முதல் வாசிப்பில் க்ளூவோ அவர்களுக்குப் பிடிபடுவதில்லை. ‘இந்த ஆளோடு இந்த அம்மா எதற்காக மீன் பிடித்தார்?’ என்று கேட்பார்கள். உடனே விடை சொல்லிவிடாதீர்கள். கட்டளையிட்டவர்களின் முகம் நாவலில் தெரியவே இல்லை, கட்டளையை நிறைவேற்றியவனின் வீட்டு விவரம் மட்டும் நமக்குத் தெரிகிறது என்பதை அவர்களே கண்டுபிடிக்கும் வரை பொறுத்திருங்கள். தனிமனிதனின் கொடூரத்துக்கும் ஓர் ஏற்பாட்டின் கொடூரத்துக்கும் உள்ள வேறுபாட்டை விரிவுரையாகச் சொன்னால் மாணவர் குறிப்பேட்டில் எழுதிக்கொள்வார். இந்த அத்தியாயத்தைப் படித்தால் அது அவருக்கு உறைக்கும்.

இனவசையைப் பொறுத்தவரை என் நடைமுறை இது: அச்சில் இருப்பது அச்சில் இருக்கும், நான் அதை உரக்க வாசிப்பதில்லை, மாணவர்களையும் வாசிக்கவிடுவதில்லை. முதல் வகுப்பிலேயே காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். நம் மாணவர்கள் பலருக்கு அந்தச் சொல் ராப் பாட்டில் கேட்ட ஓசை மட்டுமே; சாட்டையோடும் தூக்குக் கயிற்றோடும் சேர்ந்து வந்த சொல் என்பது அவர்களுக்குத் தெரிவதில்லை. அமெரிக்க ஆசிரியர்களிடையே இதில் இன்றும் ஒருமித்த கருத்து இல்லை. நாவலாசிரியர் எழுதியதை அப்படியே வாசிப்பதே நேர்மை என்று வாதிடுபவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் வாதத்தில் நியாயமே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால், வாசிக்காமல் விட்டதால் என் வகுப்பு எதையும் இழந்ததாக எனக்குத் தோன்றவில்லை. வன்முறைக் காட்சிகளுக்கும் இதே நிதானம் வேண்டும். ஜேனுக்குப் பெயர் மாறும் காட்சியில், வடக்குப் படைவீரர் வைத்த பெயரை விடமாட்டேன் என்று சொன்ன குற்றத்துக்காகப் பத்துப் பதினோரு வயதுச் சிறுமியை எஜமானி இரத்தம் வரும்வரை அடிக்கிறாள். ஜேன் அதை மிகச் சில வரிகளில், தன்னிரக்கமே இல்லாமல் சொல்லிக் கடந்துபோகிறார். அந்த அடக்கத்தை ஆசிரியரின் குரல் மீறக் கூடாது. அடிமை ஏலத்தை நடித்துக் காட்டச் சொல்வது போன்ற ‘செயல்வழிக் கற்றல்’ ஆசைகளை அறவே விட்டுவிடுங்கள்; அமெரிக்கப் பள்ளிகளில் அப்படிச் செய்து பெற்றோர்களின் கோபத்துக்கு ஆளானவர்கள் உண்டு, அந்தக் கோபம் நியாயமானதும்கூட.

சாதியோடு ஒப்பிடலாமா என்றால், ஒப்பிடலாம். நீங்கள் தடுத்தாலும் மாணவர்கள் ஒப்பிடத்தான் போகிறார்கள். அந்த ஒப்பீடு இன்றைக்கு நேற்று வந்ததும் அல்ல. சாதி எதிர்ப்புச் சீர்திருத்தவாதி ஜோதிராவ் புலே 1873இல் தம் ‘குலாம்கிரி’ (அடிமைத்தனம்) நூலை, அடிமை ஒழிப்புக்குப் பாடுபட்ட அமெரிக்க மக்களுக்குச் சமர்ப்பித்தார். 1946இல் அம்பேத்கர், அமெரிக்கக் கறுப்பின அறிஞர் டபிள்யூ. இ. பி. டுபாய்ஸுக்குக் கடிதம் எழுதி, கறுப்பின மக்கள் ஐக்கிய நாடுகள் அவைக்கு அனுப்பும் விண்ணப்பத்தைப் பற்றி விசாரித்தார். டுபாய்ஸும் பதில் எழுதினார். 1972இல் மும்பையில் தோன்றிய தலித் பேந்தர்கள் தங்கள் பெயரையே அமெரிக்கக் கறுப்பினப் போராட்ட இயக்கமான பிளாக் பேந்தர்களிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள். இவையெல்லாம் உறுதியான செய்திகள், சொல்லலாம். ஆனால் நாவலின் மூன்றாம் பகுதி முடியும் வரை ஒப்பீட்டைத் தள்ளிப்போடுங்கள். முதல் வாரத்திலேயே தொடங்கினால் லூசியானா மறைந்து நம் ஊர் மட்டுமே வகுப்பில் மிஞ்சும்; இரண்டில் எதையும் யாரும் கூர்ந்து பார்க்க மாட்டார்கள். ஒப்பிடும்போது வேறுபாடுகளையும் கேளுங்கள். தாய் அடிமையென்றால் குழந்தையும் அடிமை என்று 1662இலேயே வர்ஜீனியாவில் சட்டம் எழுதப்பட்டது; மனிதரை அசையும் சொத்தாகக் கணக்கில் எழுதிய அந்த ஏற்பாடும், தீட்டின் பெயரால் நிற்கும் ஏற்பாடும் ஒன்றல்ல. அதேசமயம், நம் மண்ணில் அடிமைகளே இருந்ததில்லை என்று யாராவது சொன்னால் திருத்துங்கள்: தமிழகத்து வேளாண் பகுதிகளில் நிலத்தோடு சேர்த்து மனிதர்கள் கைமாறியதற்குச் சான்றுகள் இருக்கின்றன, அடிமைத்தனத்துக்கு இருந்த சட்ட ஏற்பை 1843ஆம் ஆண்டின் சட்டம்தான் விலக்கியது.

இந்த இடத்தில் கண்டிப்பாகச் சொல்ல வேண்டிய ஒன்று இருக்கிறது. ஒப்பீடு வரும்போது, ஒடுக்கப்பட்ட சாதியைச் சேர்ந்தவர் என்று உங்களுக்குத் தெரிந்த மாணவரின் பக்கம் உங்கள் கண் போகக் கூடாது. ‘உன் அனுபவத்தைச் சொல்லேன்’ என்று கேட்பது பரிவுபோலத் தோன்றும். கேட்கப்படுபவருக்கு அது சபை நடுவே நிறுத்திவைக்கப்படுவதாகும். வகுப்பில் இருக்கும் ஒரே கறுப்பின மாணவரைப் பார்த்து அமெரிக்க ஆசிரியர்கள் காலங்காலமாகச் செய்துவரும் தவறும் இதுவேதான். யாராவது தாமாக முன்வந்து பேசினால் கேளுங்கள். பேசாதவரின் மௌனத்துக்குப் பொருள் சொல்லாதீர்கள்.

ஒப்பீட்டுக்கு மிகவும் பொருத்தமான பகுதி, பலரும் காதல் தோல்விக் கதையாக நடத்திவிடும் டீ பாப் கதை. பண்ணை முதலாளியின் மகன் டீ பாப், ஆசிரியையான மேரி ஆக்னஸை மணக்க விரும்புகிறான். அவள் பார்வைக்கு ஏறக்குறைய வெள்ளைக்காரி. கறுப்பினக் குருதி கலந்ததால் சட்டத்தின் கண்ணில் கறுப்பினப் பெண். அவள் பிறந்த, கலப்பின மரபினரான கிரியோல் சமூகமோ, கறுத்த நிறத்தவரை அண்டவிடாமல் தனக்குள்ளேயே வேலி போட்டுக்கொண்ட சமூகம். ஒடுக்கப்பட்டவர்களுக்குள்ளும் படிநிலை எப்படி உருவாகிறது என்பதை நம் மாணவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. பக்கத்தைக் காட்டினால் போதும். டீ பாப் தற்கொலை செய்துகொள்வதையே பேசிக்கொண்டிருக்கும் வகுப்பை, மேரி ஆக்னஸ் என்ன சொன்னாள் என்பதன் பக்கம் திருப்புங்கள். இது நடக்காது என்பது அவளுக்குத் தொடக்கத்திலிருந்தே தெரியும், அவனுக்குத்தான் தெரியவில்லை. தெரியாமல் இருக்கும் வசதி யாருக்கு வாய்க்கிறது என்று கேட்டுப் பாருங்கள், விவாதம் மணி அடித்த பிறகும் ஓடும்.

மொழியைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. தமிழ்வழி மாணவர்கள் என்பதால் நானே சொல்கிறேன். ஜேனின் ஆங்கிலத்தைப் பார்த்ததும் ‘இலக்கணப் பிழையோடு பேசுகிறார்’ என்பார்கள். அது பிழையில்லை, தனக்கென்று விதிகள் உள்ள வழக்கு. வட்டார வழக்கில் எழுதப்பட்ட தமிழ்க் கதையை ஒருமுறை படித்தவருக்கு இது உடனே புரியும். உரக்க வாசித்தால் பாதிச் சிரமம் தீர்ந்துவிடும். உண்மையில், பாடநூல் ஆங்கிலத்தைக் கண்டு மிரண்டு உட்கார்ந்திருந்த மாணவர்கள் ஜேனிடம் சீக்கிரம் ஒட்டிக்கொள்வதைத்தான் நான் கண்டிருக்கிறேன். இது என் வகுப்பறை அனுபவம், ஆய்வு முடிவு அல்ல. அதேபோல, இத்தகைய நாவலைப் படித்தால் மாணவரின் சாதிப் பார்வை மாறும் என்ற வாக்குறுதியையும் நான் தர மாட்டேன். சிலர் மாறினார்கள் என்று நினைக்கிறேன். கட்டுரையில் நன்றாக எழுதி மதிப்பெண் வாங்கிவிட்டுப் பழையபடியே போனவர்களையும் அறிவேன்.

கடைசியாகப் படம். சிசிலி டைசன் நடித்து 1974இல் வெளிவந்த தொலைக்காட்சிப் படம் பல எம்மி விருதுகளைப் பெற்றது, காட்டத் தகுந்ததே. ஆனால் நாவலை முடித்த பின்பு காட்டுங்கள், முழுவதுமாகக் கூட வேண்டாம். படத்தின் இறுதியில் ஜேன் நீதிமன்றத்தின் முன் வெள்ளையருக்கு மட்டும் என்று ஒதுக்கப்பட்ட குழாயில் தண்ணீர் குடிக்கிறார். நாவலில் அந்தக் காட்சி இல்லை. நாவலில், பேயோன் ஊருக்குப் போராட்டத்துக்குப் புறப்பட்டு நிற்கும் மக்களிடம், அதைத் திட்டமிட்ட இளைஞன் ஜிம்மி சுட்டுக் கொல்லப்பட்ட செய்தியைப் பண்ணை முதலாளி ராபர்ட் சாம்சன் சொல்கிறார். கூட்டத்தில் சிலர் திரும்பிவிடுகிறார்கள். ஜேன் அவரைப் பார்க்கிறார், பிறகு அவரைக் கடந்து போகிறார், அவ்வளவுதான் நாவல். பேயோனில் என்ன நடந்தது என்பதை நமக்குச் சொல்லவில்லை. போனால் பண்ணைக் குடியிருப்பையே இழக்க நேரும் என்பது மட்டும் தெரியும். மேலும், முன்னுரையின்படி ஜேன் பேசிக்கொண்டிருப்பது 1962இல். பொது இடங்களில் பாகுபாட்டைத் தடைசெய்த சிவில் உரிமைச் சட்டம் வந்தது 1964இல். வாக்குரிமைச் சட்டம் 1965இல். வெற்றி தெரியாத இடத்தில் நின்றுகொண்டு கதை சொல்லும் ஒருவருக்குப் படம் வெற்றியைக் கையில் கொடுத்துவிட்டது. இரண்டு முடிவுகளையும் அடுத்தடுத்து வைத்து, தொலைக்காட்சி பார்வையாளருக்குத் தண்ணீர் ஏன் தேவைப்பட்டது என்று எழுதச் சொல்லுங்கள். பதிப்பாசிரியரும் மாறியிருப்பதைக் கவனிக்கச் சொல்லுங்கள்: நாவலின் வரலாற்று ஆசிரியர் எந்த இனத்தவர் என்று நாவல் அழுத்திச் சொல்லவில்லை, படத்திலோ அவர் வெள்ளை இதழாளர். பல்கலைக்கழகத் தேர்வுக்கு எப்படியும் ‘ஜேனின் பாத்திரப் படைப்பை விளக்குக’ என்றுதான் கேட்பார்கள். அதற்கான விடையை மாணவர்கள் கடைசி வாரத்தில் நோட்ஸைப் பார்த்தே தயாரித்துக்கொள்வார்கள். உள்மதிப்பீட்டு மதிப்பெண் உங்கள் கையில் இருப்பதால், அதற்கு இந்த முடிவுக் கேள்வியையே கொடுங்கள், நான்கு பக்கத்துக்கு மிகாமல்.